சித்தப்பாவின் ஹாலோவீன்

நாங்கள் மொன்றியலுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், ஒரு மாலை, சித்தப்பா என்னையும் தம்பியையும் குளியல் தொட்டிக்குள் இறக்கி உட்காரவைத்தார். தொட்டி காய்ந்திருந்தது, அதன் குளிர் காற்சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறியது. தம்பியின் கையில் பாதி கடித்த பாண் துண்டு இருந்தது. அதையும் கொண்டுதான் வந்திருந்தான். "நான் வந்து கூப்பிடும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. இருமலும் வரக் கூடாது" என்றார் சித்தப்பா. பிறகு விளக்கை அணைத்து, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, அதற்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய முதுகு கதவில் உரசுவது எனக்குக் கேட்டது. அதற்கும் அப்பால் யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். தட்டிவிட்டுச் சிரித்தார்கள். போய்விட்டார்கள். சற்று நேரத்தில் வேறு யாரோ வந்து தட்டினார்கள்.

அப்போது எங்கள் வீடு மொன்றியலின் லாசால் பகுதியில், வெளிப்படிக்கட்டு வைத்த மாடி வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் இருந்தது. கீழ்த்தளம் எங்களுடையது. அப்பா ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் மாலை வேலை பார்த்தார். அம்மா தையல் ஆலையில் இருந்து இருட்டின பிறகுதான் வருவார். அப்பாவின் தம்பியான சித்தப்பா, அந்தக் கோடையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பல நாடுகளைச் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குக் காலை வேலை கிடைத்தது. அதனால் மாலையில் எங்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சோறு போட்டுத் தருவார், தம்பியின் சப்பாத்து நாடாவைக் கட்டப் பழக்குவார், தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் செய்தி பார்த்து, ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். அவர் பயந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆகவே அன்று தொட்டிக்குள் இருந்தபோது எனக்குப் பயமாக இருந்ததற்குக் காரணம் வெளியே தட்டியவர்கள் அல்ல. எங்களை இறக்குமுன் சித்தப்பா வாசல் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்ததை நான் கண்டிருந்தேன்.

அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது தெரு முழுக்க வேடம் போட்ட பிள்ளைகள். என்ன விசயம் என்று ஆலையில் கூட வேலை செய்த பெண்கள் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடு மட்டும் இருண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறி, "தம்பி, நான்தான், கதவைத் திறவும்" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டு மேல்வீட்டு மதாம் படியிறங்கி வந்தார். கியூபெக்கில் பிறந்து வளர்ந்த, தனியாக வாழ்ந்த பெண்மணி. அவரை நாங்கள் எப்போதும் மதாம் என்றுதான் அழைத்தோம். கையில் ஒரு பை நிறைய மிட்டாய். எங்களுக்கென்று எடுத்து வைத்தாராம். நாங்கள் மேலே வருவோம் என்று காத்திருந்தாராம். சமையலறை வெளிச்சத்தில் அவர் கையாலும் முகத்தாலும் கதை சொன்னார்: பேய் மாதிரி உடுப்பு, கதவைத் தட்டுதல், "பொன்போன்" என்ற மிட்டாய், பிறகு அடுத்த வீடு. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ தம்பி, சின்னப் பிள்ளையள் இனிப்புக்கு வந்ததுகளப்பா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சித்தப்பா யன்னல் பக்கம் திரும்பி நின்று, குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஒக்டோபர் முடியும் நாளில் அம்மா வேலைக்குப் போகுமுன் அவரிடம், "நீர் கதவைத் திறக்க வேண்டாம். பிள்ளையளை மதாம் கூட்டிக்கொண்டு போவா. நீர் அறைக்குள்ளை போய்ப் படும்" என்று சொன்னார். சித்தப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் நானும் தம்பியும் குளிர்ச்சட்டைக்கு மேலே மதாமின் பழைய திரைச்சீலைகளைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றபோது, அவர் ஒரு கிண்ணத்தில் சொக்லேட்டுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு கதவருகே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மதாம் எங்களை முதலில் எங்கள் வீட்டிலேயே தொடங்கச் சொன்னார். அதனால் சித்தப்பா கதவைத் திறந்த முதல் தடவையை நான் நேரிலே பார்த்தேன். எங்களுக்கு முன்னால், வெள்ளைப் படுக்கை விரிப்பில் கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை போட்ட ஒரு பையன் நின்றான். சித்தப்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குத் தெரிந்த சொற்ப பிரெஞ்சில் ஒரு சொல்லைத் தேடி எடுத்து, "விசாஜ்" என்றார். முகம். பையனுக்கு விளங்கவில்லை. சித்தப்பா தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, விரிப்பைத் தூக்கு என்று சைகை செய்தார். அவன் தூக்கினான். முன்பற்கள் விழுந்த வாய், சிவந்த மூக்கு, நெற்றியில் ஒட்டிய செம்பட்டை மயிர். மூன்றாம் வீட்டு இத்தாலியரின் பேரன். சித்தப்பா பெருமூச்சு விட்டுச் சிரித்து, கிண்ணத்தில் பாதியை அவன் பைக்குள் போட்டுவிட்டார்.

அதிலிருந்து அது வழக்கமானது. எங்கள் கதவில் மிட்டாய் வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டும். சூனியக்காரியோ, எலும்புக்கூடோ, விண்வெளி வீரனோ, யாராயிருந்தாலும் சரி. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. படியேறும்போதே "விசாஜ்! விசாஜ்!" என்று கத்திக்கொண்டு முகமூடியைத் தூக்குவார்கள். சித்தப்பா ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்ப்பார். "ஓ, நீயா!" என்று தமிழில் சொல்வார். அவர்களுக்கும் அது விளங்கியது. வருடத்தின் மற்ற நாட்களில் பஸ் தரிப்பிடத்திலோ மூலையில் டெப்பனர் என்னும் சில்லறைக் கடையிலோ அந்தப் பிள்ளைகளைக் காணும்போது அவருக்கு ஆரார் எந்த வீடு என்று தெரியும். அவர்களுக்கும் அவரைத் தெரியும். பனி குவிந்த காலையில் அவருடைய காரைத் தள்ளிவிட ஓடிவந்த பெடியன்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அந்த வாசலில் முகமூடி தூக்கியவர்கள்தான். ஒரு வருடம் மட்டும் அம்மாவைக் கொண்டு பருத்தித்துறை வடை சுடுவித்து, சின்னச் சின்னப் பொதியாகக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பொதிகளில் பல குப்பை வாளிகளின் மேலே கிடந்ததைப் பார்த்திருக்கிறார். வீட்டில் செய்து கொடுப்பதை இங்கே பெற்றோர் உண்ணவிட மாட்டார்கள் என்று மதாம் விளங்கப்படுத்தினார். "அதுவும் சரிதானே. என்னை ஆரெண்டு அதுகளுக்குத் தெரியும்?" என்றார் சித்தப்பா. அவருக்கு அதில் கோபம் இருக்கவில்லை. அடுத்த வருடம் கடைச் சொக்லேட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஏன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் எனக்குச் சொன்னது, நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது. அன்று ஹாலோவீனும் இல்லை, ஒன்றுமில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா கேட்டேன், அவரும் சும்மா சொல்வது போலத்தான் சொன்னார். ஊரில் ஒரு விடியற்காலை ஆமியின் சுற்றிவளைப்பு. வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஆண்கள் எல்லாரையும் வெளியே கூப்பிட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வாகனத்துக்குள், தலையில் சாக்கை மாட்டி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, ஒருவன் இருந்தான். தலையாட்டி என்று சனம் சொல்லும், காட்டிக்கொடுக்கிற ஆள். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆமிக்காரர் அந்த ஆளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். சித்தப்பாவுக்கு முன்னால் நின்றது அவருடைய சிநேகிதன். சாக்கு ஆடியது. அடுத்து சித்தப்பா போய் நின்றார். சாக்கு ஆடவில்லை. "ஏன் அவனுக்கு ஆட்டினது, ஏன் எனக்கு ஆட்டேல்லை எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. உள்ளுக்கை இருந்தது எங்கடை ஊர்ப் பெடியனாத்தான் இருக்கோணும். எங்களைத் தெரிஞ்சவன்தானே ஆட்டுவான். அந்தக் கண்ணை நான் பாத்தனான். முகத்தைத்தான் பாக்கேல்லை." பிறகு கத்தியை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உந்த வெங்காயம்" என்றார். அந்தச் சிநேகிதன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவரிடம் இருந்த இன்னொரு பழக்கத்தின் பொருளும் எனக்குப் பிடிபட்டது. சித்தப்பா எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கே வந்தாலும் வாசலில் நின்று, "அண்ணி, நான்தான்" என்று குரல் கொடுப்பார். வேறு வீடுகளுக்கு முதலில் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டுப் போய், வெளியே நின்று மீண்டும் தொலைபேசி எடுப்பார். மணி இருந்தாலும் அமத்தமாட்டார். தான் தட்டும் சத்தம் உள்ளே இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாதே. அப்படிப்பட்ட மனிதர், வருடத்தில் ஒரு மாலை மட்டும், தன் கதவை ஆராவது தட்ட வேண்டும் என்று கதிரை போட்டுக் காத்திருந்தார்.

நான் படித்து, வேலையெடுத்து, மணமுடித்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகருக்குப் போய்விட்டேன். தம்பி வேறு நகரத்தில். அப்பா காலமானபின் அம்மா என்னோடு வந்துவிட்டார். கலியாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட சித்தப்பா மட்டும் அதே கீழ்த்தளத்திலேயே தங்கினார். தெரு மாறிக்கொண்டிருந்தது. மதாம் முதியோர் இல்லத்துக்குப் போனார். இத்தாலியர் வீட்டை விற்றார்கள். வாடகைக்கு வருபவர்கள் இரண்டு மூன்று குளிர்காலத்தோடு வேறு இடம் பார்த்துப் போனார்கள். ஆனால் பிள்ளைகள் குறையவில்லை; இன்றைக்கும் காலையில் பள்ளி பஸ் அந்தத் தெருவில் நெடுநேரம் நிற்கிறது. ஹாலோவீனுக்கு மட்டும் அவர்கள் தங்கள் தெருவில் நடப்பதில்லை. சிலரைக் கடைத்தொகுதிக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே வெளிச்சமும் வெப்பமும் உண்டு, கடைக்குக் கடை மிட்டாய் உண்டு. சிலர் வண்டித் தரிப்பிடத்துக்குப் போகிறார்கள்; கார்களின் பின்பெட்டியைத் திறந்து அலங்கரித்து, அதற்குள்ளிருந்து மிட்டாய் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் பெரிய வீடுகள் இருக்கும் எங்கள் பக்கத்துக்குக் காரில் வருகிறார்கள். தொற்றுநோய்க் காலத்தில் எல்லாக் கதவும் மூடிக் கிடந்தன. அது முடிந்தபின் கடைகள் திறந்தன, பள்ளிகள் திறந்தன. அந்தத் தெருவின் கதவுகளுக்குத்தான் அந்தப் பழக்கம் திரும்பவில்லை.

அப்படி ஒரு ஹாலோவீன் மாலை சித்தப்பா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "இஞ்சை ஒருத்தரும் வரேல்லைப் பிள்ளை. மணி பழுதோ எண்டு ரெண்டு தரம் அமத்திப் பாத்தனான்." அதைக் கேட்டபோது என் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அடுத்த வருடம் அவரை வற்புறுத்தி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். தொடக்கத்தில் உற்சாகமாகத்தான் இருந்தார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தெருவில் கார்கள் ஊர்ந்துகொண்டே இருந்தன. பெற்றோர் இறங்காமல் பிள்ளைகளை இறக்கினார்கள். வழக்கம்போலச் சித்தப்பா "விசாஜ்" என்றார். ஓநாய் முகமூடி போட்ட ஒரு பையன் பின்வாங்கித் தாயைப் பார்த்தான். தாய் காரிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையிடம் முகமூடியைக் கழற்றச் சொல்ல வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள். அவள்மேல் பிழையில்லை. அவளுக்கு இவரை யாரென்று தெரியாது. சித்தப்பா "சொறி, சொறி" என்று சொல்லி மிட்டாயைப் போட்டார். அதற்குப் பிறகு வந்த எவரிடமும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பக் கொண்டுபோய் விடும்போது, காரில், லாசாலுக்குள் நுழைந்த பிறகுதான், "உங்கடை வீட்டுக்கு வாற பிள்ளையளிலை பாதி எங்கடை பக்கத்துப் பிள்ளையள். எனக்குச் சிலரைத் தெரிஞ்சது. என்ரை வீட்டுக்கு முன்னாலை இருந்து கார் ஏறி, உங்கை வந்து, என்னட்டையே இனிப்பு வாங்கிக்கொண்டு போகுதுகள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. "அதுகள் நடந்து வரலாம்தானே சித்தப்பா" என்றேன். "ஆர் கூப்பிட்டது, வாறதுக்கு?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியை அவர் ஒரு வருடம் முழுக்க மனதில் வைத்திருந்திருக்க வேண்டும். போன ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நானும் மகளும் அவரைப் பார்க்கப் போனபோது, சித்தப்பா நன்றாகச் சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். "வாருங்கோ, தெருவிலை ஒரு சுற்றுப் போட்டு வருவம்" என்றார். பக்கத்து வீட்டுப் படியேறி, கதவின் முன்னால் நின்றார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. நான் மணியை அமத்தலாமா என்று யோசிப்பதற்குள் அவர் தட்டிவிட்டார். மெதுவாக, விரல் மூட்டால். எனக்கு நினைவு தெரிந்து அவர் ஒரு கதவைத் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திறந்தவர்களிடம் அவர் சொன்னது ஒரே விசயம்: ஹாலோவீன் அன்று வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள், எங்கள் தெருப் பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே நடக்க விடுங்கள். பிரெஞ்சில் தொடங்குவார், சொல் முட்டும்போது என் மகள் முடித்து வைப்பாள். அவளுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சு இலகு. சில கதவுகளில் மணியோடு பொருத்திய கமரா இருந்தது. ஆள் வராமல் குரல் மட்டும் வந்து யார் என்று கேட்டது. அப்படிக் கேட்ட இடத்திலெல்லாம் சித்தப்பா தொப்பியைக் கழற்றி, முகத்தைக் கமராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்று பதில் சொன்னார். ஒரு வீட்டில் கதவைத் திறந்த தாடிக்கார இளைஞன் அவரை உற்றுப் பார்த்து, "மிசியே விசாஜ்?", விசாஜ் ஐயாவா, என்று கூவினான். மூன்றாம் வீட்டு இத்தாலியரின் பேரன் இல்லை. பிந்திய வருடங்களில் வந்த வேறு எவரோ வீட்டுப் பிள்ளை. வளர்ந்து, அதே தெருவில் வாடகைக்கு வந்திருக்கிறான், இடுப்பில் ஒரு குழந்தையோடு. சித்தப்பா "ஓ, நீயா!" என்றார். இருவரும் குளிருக்குள் நின்று நெடுநேரம் கதைத்தார்கள்.

தெருமுனைக்குப் பக்கத்தில் ஒரு கீழ்த்தள வீடு. சித்தப்பா தட்டினார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த காலடிகள் நின்றுபோயின. ஒரு குழந்தை ஏதோ சொல்லத் தொடங்க, யாரோ அதை அடக்கும் மூச்சொலி. திரைச்சீலை ஓரத்தில் மெல்ல அசைந்தது. மகள் மறுபடி தட்டப் போனாள். சித்தப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் கண்ணால் அழைத்து, விறுவிறென்று படியிறங்கி நடைபாதைக்கு வந்துவிட்டார். "புதுசா வந்த சனம்" என்றார். "அந்தாளை பஸ்ஸிலை கண்டனான். எங்கையோ சண்டை நடக்கிற இடத்திலை இருந்து வந்திருக்குதுகள். நான் தட்டியிருக்கக் கூடாது."

ஹாலோவீனன்று நான் வேலையிலிருந்து நேரத்தோடு புறப்பட்டு, மகளையும் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வீட்டில் இல்லை. அந்தக் கீழ்த்தள வீட்டுக்கு எதிரே, நடைபாதையில், யன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காகித முகமூடி. "வேலையாலை வாற நேரம். அந்தாள் வரட்டும்" என்றார். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. சற்று நேரத்தில், சாமான் பைகளோடு அந்த மனிதர் வந்தார். சித்தப்பா எட்டவே நின்று வணக்கம் சொன்னார். அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. சித்தப்பா தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னார்: இன்று இருட்டின பிறகு உங்கள் கதவைத் தட்டுவார்கள். முகம் தெரியாது. அவர்கள் பிள்ளைகள். பிள்ளைகள் மட்டும்தான். சொல்லிவிட்டு, கையிலிருந்த முகமூடியைத் தன் முகத்தில் வைத்தார், எடுத்தார். மீண்டும் வைத்தார், எடுத்தார். "சின்னப் பிள்ளையள். இனிப்பு" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். யன்னலில் திரைச்சீலை விலகி, ஒரு பெண்ணின் முகமும் அதற்குக் கீழே ஒரு சிறுமியின் முகமும் தெரிந்தன. அந்த மனிதர் பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சித்தப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அன்று மாலை தெருவில் விளக்கு எரிந்த வாசல்கள் ஏராளம் என்று சொன்னால் பொய். அங்கொன்று, இங்கொன்று. சித்தப்பாவின் கதவைத் தட்டியவர்களும் கொஞ்சப் பேர்தான்; என்றாலும் தட்டினார்கள். தாடிக்கார இளைஞன் தன் குழந்தையைப் பூசணிக்காய்போல உடுத்திக் கொண்டுவந்து, "விசாஜ்!" என்று தானே கூவிக் குழந்தையின் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். இருட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சிறுமியும் தகப்பனும் வந்தார்கள். அவளுக்கு வேடம் ஒன்றுமில்லை. சாதாரணக் குளிர்ச்சட்டை, கையில் கடைப் பை. சித்தப்பா பை நிறையக் கொடுத்தார். பிறகு தகப்பனைப் பார்த்தார். அடுத்து எங்கே போவது, என்ன சொல்வது என்று அந்தத் தகப்பனுக்குத் தெரியவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. சித்தப்பா கிண்ணத்தை என்னிடம் தந்துவிட்டு மேற்சட்டையை மாட்டினார். "நீர் இஞ்சை நில்லும். நான் உவையைக் கூட்டிக்கொண்டு போட்டு வாறன்" என்றார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் என் மகளும் அந்தச் சிறுமியும், பின்னால் தகப்பனும் சித்தப்பாவும். விளக்கு எரியும் வாசலில் சித்தப்பா படியேறித் தட்டுவார். காலடி கேட்டதும் ஒதுங்கி, திறக்கும்போது பிள்ளைகள் முன்னால் நிற்கும்படி விட்டுவிடுவார். அடுத்து ஒரு இருண்ட வீடு. மகள் விளையாட்டாக அதன் படியில் கால் வைத்து ஏதோ கத்தினாள். சித்தப்பா விரைந்து போய் அவளைத் திருப்பினார். தெருவில் சத்தம் குறைவாயிருந்ததால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "லைட் இல்லாட்டி தட்டக் கூடாது, அம்மா. கத்தவும் கூடாது. உள்ளுக்கை ஆராவது இருப்பினம்." அந்த வீட்டைத் தாண்டும் வரைக்கும் நாலு பேரும் பேச்சில்லாமல், சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்காதபடி நடந்தார்கள். தாண்டியதும் பிள்ளைகள் இரண்டு பேரும் அடுத்த வெளிச்சத்தை நோக்கி ஓடினார்கள்.